கதவின் உட்புறம்

2023ஆம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு முதல்நாள் மாலை, கொழும்பிலிருந்து வந்த பேருந்தொன்று பொகவந்தலாவைக் கடைத்தெருவில் நின்றது. அட்டன், டிக்கோயா, நோர்வூட் என்று மலைகளைச் சுற்றி ஏறிவந்த அந்தப் பேருந்திலிருந்து இறங்கியோருட் பெரும்பாலோர், தலைநகரின் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வேலைசெய்யும் தோட்டத்துப் பிள்ளைகளே. பண்டிகைக்குப் பண்டிகை அவர்கள் ஊருக்கு வருவதும், விடுமுறை முடிய மீண்டும் கீழிறங்குவதும் பள்ளத்தாக்கின் வழக்கமாகிவிட்டது. அன்று இறங்கியவர்களில் ஒருவன், துணிப்பைக்குள் அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும், நெஞ்சுக்குள் ஒன்பது மாதமாக யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதியும் வைத்திருந்தான்.

அவனுடைய தொழில் திறவுகோல்களுக்கு நகல் எடுப்பது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ‘திறப்பு’ என்று வழங்கும் பொருளை மலையகத்தார் ‘சாவி’ என்பர்; போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களுள் சாவியும் ஒன்று. எப்பெயரால் அழைப்பினும், பல்வெட்டிய பித்தளைத் துண்டு என்ற நிலையிலிருந்து அது இன்று வெகுதூரம் வந்துவிட்டது. வாகனக் கொட்டிலின் கதவும், வீட்டு வளவின் இரும்புக் கேட்டும் இப்போது உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவியொன்றின் பொத்தானை அழுத்தத் தாமே நகர்கின்றன. தொலைவிலிருந்து ஏவும் அக்கருவியை ஊரார் ‘ரிமோட்’ என்றே கூறுவர். அதற்கும் நகல் உண்டு. அந்த நகலைச் செய்பவரும் பித்தளைச் சாவி வெட்டுபவர்தாம். கொழும்பில் அவன் வேலைபார்க்கும் கடையில், சாவி வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வெற்று ரிமோட்டுகள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

அவனுடைய அப்பாவும் ஒரு வகையில் இதே தொழிலைச் செய்தவர்தாம். தோட்டத்துப் பெரிய பங்களாவில் அவர் இருபத்தாறு வருடம் வாச்சராக இருந்தார். மலைமுகட்டிலே புல்வெளி சூழ நின்ற அந்தப் பங்களாவின் கேட்டை அடைப்பதும் திறப்பதும் அவர் கடமை. பள்ளத்திலே வாகனம் திரும்பும்போதே அது துரையின் வண்டியா, டாக்டரின் வண்டியா, தொழிற்சாலையிலிருந்து வரும் லொறியா என்று ஒலியைக் கொண்டே அறிந்துகொள்வார். மூடுபனி இறங்கிப் பத்தடி தூரமும் தெரியாத மாலைகளிலும் அவருக்குத் தடுமாற்றம் இருந்ததில்லை. வந்தவர் இன்னார், வந்த வேளை தக்கதா, முகத்தில் பதற்றம் உண்டா என்பதையெல்லாம் ஒரு நொடியில் எடைபோட்டபின்பே அவர் கை தாழ்ப்பாளுக்குப் போகும். இலத்திரனியற் பூட்டுகள் இன்று எண்களைக் கொண்டு செய்ய முயலும் காரியத்தை அவர் காதாலும் கண்ணாலும் செய்துவந்தார்.

அவர் ஓய்வுபெற்றுச் சில காலத்தின் பின் அந்தக் கேட்டுக்கு மோட்டார் பூட்டப்பட்டது. வாச்சர் கூடாரம் பூந்தொட்டிகள் வைக்கும் இடமாயிற்று. தம் இடத்தில் ஒரு பெட்டி வந்து அமர்ந்ததைப் பற்றி அவர் குறைசொன்னதில்லை. ஆயினும், மகன் ஊருக்கு வரும்போதெல்லாம், “அந்தப் பொட்டிக்கு ஆள் யாருன்னு எப்புடிப்பா தெரியும்?” என்று கேட்பதுண்டு. அக்கேள்விக்கு உண்மையான விடை, அதற்கு ஆளைத் தெரியாது என்பதே. அதற்குத் தெரிந்தது ஓர் எண் மாத்திரமே.

அந்த எண்ணின் இயல்பைத் தமிழ் மாணவர்க்கு விளக்குவது எளிது. யாப்பிலக்கணம் படித்தவர் அதை ஏற்கெனவே அறிவர். அசை இரண்டு: நேர், நிரை. ஓரசையால் ஆகும் சீர் இரண்டு, ஈரசையால் ஆவன தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு, மூவசையால் எட்டு, நாலசையால் பதினாறு. ஓர் அசை கூடும்தோறும் சீர்களின் தொகை இரட்டிக்கின்றது. பழைய ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றினால் எட்டோ பத்தோ பன்னிரண்டோ நுண்ணிய ஆளிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வோர் ஆளியும் மேலே இருக்கலாம், அன்றேல் கீழே இருக்கலாம். நேர், நிரை போல இரண்டே நிலை. எட்டு ஆளிகளால் 256 ‘சீர்’களும், பத்தினால் 1024உம், பன்னிரண்டினால் 4096உம் பிறக்கும். வீட்டுக்காரர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, கேட்டின் மோட்டார்ப் பெட்டியிலும் அதே வரிசையை அமைத்துவிடுகிறார். பொத்தானை அழுத்தும்போது ரிமோட் அந்தச் சீரை நீண்டதும் குறுகியதுமான துடிப்புகளாக வானொலி அலையில் உச்சரிக்கின்றது. அலையின் மீடிறன் பெரும்பாலும் 433.92 மெகாஹேர்ட்ஸ். பெட்டி அதைக் கேட்டுத் தன் சீரோடு ஒப்பிட்டு, ஒத்திருந்தாற் கதவைத் திறக்கின்றது.

பின்னாளில் ஆளிகள் மறைந்து, தொழிற்சாலையிலேயே எண் பொறிக்கப்பட்ட சில்லுகள் வந்தன. எண்கள் நீண்டன, எனினும் அவற்றிற் பலவற்றின் இயல்பு மாறவில்லை. ஒரே ரிமோட் என்றைக்கும் ஒரே எண்ணையே சொல்லும். இதனை நிலைக்குறி என்னலாம். இத்தகைய ரிமோட்டுக்கு நகல் எடுக்க ஒரு நிமிடமும் வேண்டியதில்லை. வெற்று ரிமோட்டில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பழைய நினைவை அழிக்க வேண்டும். பின் மூல ரிமோட்டை அதன் அருகே பிடித்து இரண்டிலும் ஒருங்கே அழுத்த வேண்டும். சிறு விளக்கு விரைந்து சிமிட்டினால் நகல் முடிந்தது. மூலம் சொன்னதை நகல் கேட்டு மனனம் செய்துகொள்கிறது. அதற்குமேல் அங்கே நடப்பது ஒன்றுமில்லை.

கேட்டுச் சொல்வதனாற் கதவு திறக்குமென்றால், மறைந்திருந்து கேட்டவனுக்கும் அது திறக்கும். அலிபாபா கதையின் அடிப்படையே இதுதான். 1956இல் வெளியான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ திரைப்படத்தைத் தோட்டங்களின் மூத்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்வர். மரத்தின் மேல் ஒளிந்திருந்த விறகுவெட்டி, திருடர் தலைவன் சொன்ன மந்திரச் சொல்லைக் கேட்டான், அவர்கள் போனபின் அதையே தானும் சொன்னான், குகை திறந்தது. சொன்னவன் யார் என்று குகை கேட்கவில்லை. நிலைக்குறிப் பூட்டு அக்குகையின் நேர் வாரிசு.

மறைந்திருந்து கேட்கவும் வேண்டியதில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. 2015ஆம் ஆண்டில் சமி கம்கார் என்னும் அமெரிக்க ஆய்வாளர், விற்பனையிலிருந்து நீங்கிவிட்ட ஒரு சிறுவர் விளையாட்டுக் கருவியைச் சிறிது திருத்தி, எட்டு முதல் பன்னிரண்டு ஆளிகள் கொண்ட நிலைக்குறிக் கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறக்கலாம் எனக் காட்டினார். அலிபாபா குகையின் ஆங்கில மந்திரச் சொல்லையே அவர் அதற்குப் பெயராகவும் இட்டார். சாத்தியமான எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பதற்கு ஏறத்தாழ 29 நிமிடம் வேண்டும். அதனைப் பத்து விநாடிக்குள் அடக்கிய உபாயங்களுள் முதன்மையானது யாப்போடு தொடர்புடையது.

ஈரசைச் சீர் நான்கையும் தனித்தனியே சொல்ல எட்டு அசைகள் வேண்டும். ஆனால், ‘நேர் நேர் நிரை நிரை நேர்’ என்று ஐந்தே அசைகளைத் தொடர்ந்து சொல்லிப் பார்க்கலாம். முதலிரண்டும் தேமா, இரண்டாவதும் மூன்றாவதும் கூவிளம், அடுத்த இணை கருவிளம், கடைசி இணை புளிமா. நான்கும் ஐந்துக்குள் அடங்கிவிட்டன. வடமொழி யாப்பினர் எட்டு கணங்களையும் நினைவிற்கொள்ள வழங்கும் ‘யமாதாராஜபானஸலகாம்’ என்ற வாய்பாடும் இவ்வகையினதே. அதன் பத்து அசைகளுள் எந்த மூன்றைத் தொடர்ந்து எடுப்பினும் ஒரு புதிய கணம் கிடைக்கும். இத்தகைய தொடர்களை 1946இல் ஆராய்ந்த டச்சுக் கணிதவியலாளர் டி புருய்ன் பெயரால் அவை இன்று வழங்குகின்றன. பழைய கதவுப் பெட்டிகள், தவறான எண்ணைக் கேட்டால் முழுவதையும் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதில்லை. முதல் அசையை மட்டும் கழித்து, அடுத்த அசையைச் சேர்த்து, மீண்டும் ஒப்பிடும். ஆகவே, ஒன்றோடொன்று பின்னிய ஒரே நீண்ட தொடரை ஒருமுறை ஒலித்தாற் போதும். அதனுள் எங்கோ ஓரிடத்தில் அந்தக் கதவின் சீர் இருந்தே தீரும்.

இக்குறையை நீக்க எழுந்ததே மாறுகுறி. தென்னாபிரிக்காவில் 1980களில் உருவான ‘கீலொக்’ என்னும் முறையை 1995இல் மைக்ரோசிப் என்ற அமெரிக்க நிறுவனம் விலைக்கு வாங்கியது. அதன்பின் அது உலகெங்கும் பரவியது. இம்முறையில் ரிமோட் ஒரு சொல்லை இருமுறை சொல்வதில்லை. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் உள்ளிருக்கும் எண்ணி ஒன்று கூடும். கூடிய எண்ணை இரகசியத் திறவொன்றினால் மறைகுறியாக்கி அனுப்பும். கதவுப் பெட்டி கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்திருந்து, அதற்குப் பிந்திய எண்ணையே ஏற்கும். பழையதைப் பதிவுசெய்து திருப்பிச் சொல்பவனை அது பொருட்படுத்தாது. வீட்டுக் குழந்தை ரிமோட்டை எடுத்து விளையாடிச் சில தடவை வீணாக அழுத்தியிருந்தாலும் பாதகமில்லை. வழக்கமாகப் பதினாறு எண்வரை முன்னே போயிருந்தாற் பெட்டி பொறுத்துக்கொள்ளும். அதற்கும் அப்பாற் போயிருந்தால், அடுத்தடுத்து இருமுறை அழுத்தித் தன்னை நிறுவ வேண்டும்.

இதுவும் வெல்லப்படாத கோட்டையன்று. 2008இல் ஜேர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர், சில்லு செலவிடும் மின்சக்தியின் ஏற்றவிறக்கத்தை அளந்து உற்பத்தியாளரின் இரகசியத் திறவையே வெளிக்கொணர்ந்தனர். அதன்பின் இரு செய்திகளை ஒட்டுக்கேட்டாலே ஒரு ரிமோட்டுக்கு நகல் எடுக்கலாம் என்றும் காட்டினர். எனினும் அது ஆய்வுகூடத்தின் காரியம், கடைத்தெருவின் காரியமன்று. கடையில் மாறுகுறி ரிமோட்டை நகலெடுக்க இயலாது. புதிய ரிமோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மோட்டார்ப் பெட்டியைத் திறந்து, ‘கற்றுக்கொள்’ என்னும் பொத்தானை அழுத்திப் பெட்டிக்கு அதனை அறிமுகப்படுத்த வேண்டும். நிலைக்குறிக்கு வேண்டியது மூலத்தின் அருகாமை. மாறுகுறிக்கு வேண்டியது வீட்டின் சம்மதம். நகலுக்கும் பதிவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அவன் தொழிலின் முதல் வருடத்திலேயே நன்கு உணர்ந்திருந்தான்.

மலையகத்தவன் ஒருவனுக்கு இவ்வேறுபாடு புதியதுமன்று. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகக் கடன்தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அம்முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், பிறந்து உழைத்த மண்ணிலேயே இம்மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், 1946 சனவரி முதலாந் தேதிக்கு முந்திய ஏழு வருடமோ பத்து வருடமோ இடையறாது வாழ்ந்ததை எண்பிக்குமாறு கேட்டது. உழைத்த கையைப் பார்க்காமற் காகிதத்தைப் பார்த்த வாயில்கள் அவை. நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல் வரும்வரை அவ்வாயில்களின் முன் மூன்று தலைமுறைகள் நின்றன. ஆளை அறியாது எண்ணை மட்டும் அறியும் பெட்டியைப் பற்றி அப்பா கேட்ட கேள்வியில் இந்நினைவுகளும் கலந்திருக்கலாம்.

பெட்டி கேட்காத கேள்வியை நகல் எடுப்பவன் கேட்டாக வேண்டும் என்பது அவன் தனக்கென வகுத்துக்கொண்ட விதி. கடைக்கு வருபவரிடம் அவன் இரண்டு கேள்விகள் கேட்பான்: இது யாருடைய வீடு? வீட்டுக்காரருக்கு இது தெரியுமா? விடை தடுமாறினால் நகல் இல்லை. வியாபாரம் கெடுகின்றதென்று கடைக்காரர் சிலவேளை முணுமுணுப்பார், ஆயினும் தடுத்ததில்லை. களவுக்குத் துணைபோகாத கை என்ற பெருமை அவனுக்கு இருந்தது. அந்தப் பெருமையைத்தான் 2022ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதம் அசைத்துவிட்டது.

அக்காலத்தை மறந்தவர் இரார். 2021இன் கடைசி மாதங்களிற் சமையல் எரிவாயுச் சிலிண்டர்கள் வெடித்துத் தீப்பற்றிய செய்திகள் நாளும் வந்தன. பின்னர் எரிவாயுவே கிடைக்காதாயிற்று; கொழும்பு வீடுகளிலும் மண்ணெண்ணெய் அடுப்புகள் ஏறின. மார்ச்சு முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. அத்தகைய ஒரு நாளில், சாமான் வாங்கும் பையோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபது வயது கடந்திராது. பேச்சைக் கேட்டதுமே மலையகத்தவள் என்று தெரிந்தது. எந்த ஊர் என்று கேட்டபோது, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சொன்னாள். பைக்குள் வெங்காயத்துக்கு அடியிலிருந்து ஒரு ரிமோட்டை எடுத்து நீட்டினாள்.

“அண்ணே, இதுக்கு இன்னொன்னு செஞ்சு தர முடியுமா? வெரசாப் போகணும்.”

நிலைக்குறி ரிமோட். ஒரு நிமிட வேலை. அவன் தன் இரண்டு கேள்விகளையும் கேட்டான். அவள் வேலைசெய்யும் வீடு, வீட்டம்மாவுக்குத் தெரியாது, மேசைத்தட்டில் மேலதிகமாகக் கிடந்ததை எடுத்துவந்தாள். காரணத்தையும் அவளே சொன்னாள். வீட்டார் இருவரும் காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டை அடைத்துவிட்டுப் போவார்கள். பக்கத்துச் சிறு கதவின் சாவியும் அவர்களோடு போய்விடும். மாலை வரை அவள் உள்ளே தனியாள். மதில் உயரம், மதிலின் மேல் கம்பி. முந்திய வாரம் அடுப்பிலிருந்து திரைச்சீலையில் தீப்பற்றியது. தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டாள். அணையாதிருந்தால் எந்த வழியாக ஓடியிருப்பது என்று அன்றிரவு முழுதும் எண்ணி, உறக்கமில்லாமல் கிடந்திருக்கிறாள்.

அவன் தயங்கினான். செய்துகொடுத்தால், தெரியாமல் எடுத்துவந்த ரிமோட்டுக்கு நகல். நாளை அவ்வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் முதற் பழி அவள்மேல் விழும், அடுத்த பழி தன்மேல். மேலும், அவள் அஞ்சிய வேளைக்கு அந்த நகல் உதவவும் போவதில்லை. மின்வெட்டின்போது, பெட்டியில் மேலதிக மின்கலம் இல்லையாயின், மூலமும் நகலும் ஒன்றுபோல் ஊமை. அவன் இதை விளக்கி, ஒவ்வொரு மோட்டாரிலும் கையால் விடுவிக்கும் பூட்டொன்று உண்டு என்றான். அதற்குரிய சிறு சாவியைத் திருப்பி நெம்பை இழுத்தால் மோட்டாரின் பிடி விலகும். பின் கேட்டைக் கையாலேயே தள்ளித் திறக்கலாம்.

“அந்தச் சாவி எங்க இருக்குன்னு எனக்கு எப்புடிண்ணே தெரியும்?” என்று அவள் கேட்டாள்.

வீட்டம்மாவிடம் கேட்கும்படி சொன்னான். கடையின் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கரண்ட் இல்லாத காலத்தில் கேட்டைத் திறக்கும் வழியைக் கடைக்காரர் வந்து காட்டித் தருவார் என்று சொல்லுமாறு கூறிக் கொடுத்தான். அவள் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டின் தெருவையும், சுவரில் உள்ள சிவப்பு ஓட்டுத் தொப்பியையும் அடையாளமாகச் சொல்லிவிட்டுப் போனாள். தொலைபேசி அழைப்பு வரவில்லை. ஒரு வாரம் எதிர்பார்த்தான். பிறகு பெற்றோல் வரிசைகளும் எரிவாயு வரிசைகளும் நிறைந்த அந்த ஆண்டின் அமளியில் நாள்கள் ஓடின. விதிப்படி நடந்தேன் என்ற எண்ணம் பகலில் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. இரவுகளில் மட்டும், எங்கேனும் தீயணைப்பு வண்டியின் மணியொலி கேட்டால் எழுந்து உட்காருவான்.

பொங்கலன்று மாலை, லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து இதனை அவன் அப்பாவிடம் சொன்னான். காம்பராவுக்குள் அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். எதிர் மலையின் தேயிலைமேல் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தம் வாச்சர் காலத்துச் சம்பவம் ஒன்றை முதன்முறையாகச் சொன்னார்.

பங்களாவின் பின்புறத்திற் சமையற்காரர் குடும்பத்துக்கு ஓர் அறை இருந்தது. இரவு பத்து மணிக்குமேல் துரையின் உத்தரவின்றிக் கேட்டைத் திறக்கலாகாது என்பது கட்டளை. ஒருநாள் துரை கொழும்புக்குப் போயிருந்த இரவு, சமையற்காரர் மனைவிக்குப் பேற்றுவலி கண்டது. உத்தரவு கேட்க ஆளில்லை. அப்பா கேட்டைத் திறந்து, தொழிற்சாலை லொறியை அழைப்பித்து, அவளைத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிள்ளையும் தாயும் பிழைத்தனர். துரை திரும்பியபின் விசாரணை நடந்தது. பெண்ணை அனுப்பியது குற்றமல்லவாம். உத்தரவின்றிக் கேட்டைத் திறந்ததும், விடியும்வரை அதைத் திறந்தபடி விட்டு லொறியோடு போனதுமே குற்றமாம். மூன்று நாளைக்கு அவருக்குப் ‘பேர்’ போடப்படவில்லை. நாட்கூலியைப் பேர் என்று வழங்கும் தோட்டத்து மொழியில், மூன்று நாளைக்கு அவர் பெயரற்றவராக இருந்தார்.

“கேட்டுக்கு வெளிப்பக்கம் மட்டுந்தான் இருக்குன்னு தொரைமாரு நெனப்பாங்க. உள்பக்கமும் இருக்கு தம்பி. நீ வெளிய நிக்கிறவன் கள்ளனான்னு பாத்த. சரிதான். உள்ள நிக்கிறவளுக்கு வழி என்னன்னு போய்ப் பாத்தியா?”

அவனிடம் விடை இல்லை. நகல் செய்துகொடுக்காதது தவறென்று அப்பா சொல்லவில்லை. செய்திருக்க வேண்டுமென்றும் சொல்லவில்லை. துண்டுத் தாளிற் கடமை முடிந்ததென்று எண்ணியதையே அவர் சுட்டினார். வீட்டம்மாவிடம் கேள் என்று அவளிடம் சொன்னபோது, எடுத்துவந்த ரிமோட்டைப் பற்றி அவள் என்ன சொல்வாள், அச்சத்தினால் அந்தத் தாளையே எறிந்துவிடமாட்டாளா என்பதை அவன் எண்ணவில்லை. கேட்பதற்கு உரிமையும் துணிவும் உள்ளவன் அவனாக இருக்க, கேட்கும் பாரத்தை அவள் தலையில் வைத்துவிட்டான்.

அலிபாபா கதையை அன்றிரவு அவன் மீண்டும் நினைத்தான். அதிற் பலரும் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. அலிபாபாவின் தமையன் காசிம் மந்திரச் சொல்லைச் சரியாகச் சொல்லித்தான் குகைக்குள் நுழைந்தான். உள்ளே போனபின் சொல்லை மறந்தான். வெளியே வர இயலாமற் கொல்லப்பட்டான். பூட்டுகளின் வரலாறு முழுவதும் அலிபாபாவைத் தடுப்பதைப் பற்றியே பேசுகின்றது. எட்டு ஆளி பன்னிரண்டானதும், நிலைக்குறி மாறுகுறியானதும், மாறுகுறியின் இரகசியத் திறவு நீண்டதும் வெளியே நிற்பவனை எண்ணியே. காசிமைப் பற்றிப் பேசுவது, மோட்டாரின் அடியில், துருவேறிய சிறு மூடிக்குள், யாரும் திறந்து பாராத அந்தக் கைப்பூட்டு ஒன்றுதான்.

பண்டிகை முடிந்து கொழும்புக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அவன் அந்தத் தெருவைத் தேடிப் போனான். சுவரிற் சிவப்பு ஓட்டுத் தொப்பி இருந்தது. மணியை அழுத்தி, தன் கடையின் பெயரைச் சொல்லி, மின்வெட்டுக் காலத்துக்காகக் கேட்டின் கைப்பூட்டைப் பரிசோதித்துத் தருவதாகவும் அதற்குக் கட்டணம் இல்லையென்றும் கூறினான். வீட்டம்மா முதலில் ஐயுற்றார். பின், தாம் இரண்டு முறை மின்வெட்டிலே தெருவில் நிற்க நேர்ந்ததை நினைவுகூர்ந்து உள்ளே விட்டார். பேச்சோடு பேச்சாக, வீட்டில் வேலைக்கு யாரேனும் உண்டா என்று அவன் கேட்டான். முன்பிருந்த பெண் தீபாவளிக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை என்றும், இப்போது வேறொருத்தி இருக்கிறாள் என்றும் அவர் சொன்னார். சமையலறை வாசலில், நடுவயதுப் பெண்ணொருத்தி முந்தானையிற் கையைத் துடைத்தபடி நின்றாள். அவளும் மலையகத்தவளே.

கைப்பூட்டின் சாவி அலுமாரியின் இழுப்பறைக்குள், மோட்டாரோடு வந்த உறை பிரிக்கப்படாமலே கிடந்தது. பூட்டுக்குள் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. பூட்டிய நாள்முதல் அதை ஒருவரும் தொட்டிருக்கவில்லை. எண்ணெய் விட்டு, துருவைச் சுரண்டி, அரைமணி நேரம் போராடியபின் நெம்பு அசைந்தது. அவன் தானே கேட்டைத் தள்ளிக் காட்டவில்லை. அந்தப் பெண்ணை அழைத்து அவள் கையிற் சாவியைக் கொடுத்தான். அவள் திருப்பினாள், இழுத்தாள், தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பாரமான கேட் ஓர் அடி, பின் இரண்டடி நகர்ந்தது. ஆள் போக அந்த இடைவெளி போதும்.

வெளியிலிருந்து பார்த்தால் இந்தப் பூட்டுத் தெரியாது, ஆகவே கள்ளனுக்கு இதனாற் பயனில்லை. ஆனால் உள்ளே தீயோ நோயோ வந்தால் உயிர்காப்பது இதுவே என்று அவன் வீட்டம்மாவிடம் சொன்னான். சாவி சமையலறையிலேயே இருக்கட்டும் என்றான். அவர் சிறிது யோசித்தார். பிறகு, சமையலறைக் கதவின் பக்கத்து ஆணியில் மாட்டிக்கிடந்த நாட்காட்டியைச் சற்று விலக்கி, அதே ஆணியிற் சாவியையும் தாமே மாட்டினார்.

முன்னைய பெண்ணை அவன் பின்பு சந்திக்கவில்லை. பொகவந்தலாவைக்குப் போகும்போதெல்லாம் அவள் சொன்ன தோட்டத்துப் பாதையைக் கடக்கும்வேளை பேருந்தின் சாளரத்தூடாகப் பார்ப்பான். அவள் நலமாக இருப்பாள் என்று எண்ணிக்கொள்வான். அந்த எண்ணத்திலே தனக்குப் பெருமைகொள்ள ஏதுமில்லை என்பதையும் அறிவான்.

கடையில் அவன் இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறான். இது யாருடைய வீடு? வீட்டுக்காரருக்கு இது தெரியுமா? நீங்கள் கேட்டை அடைத்துவிட்டுப் போகும்போது உள்ளே யார் இருப்பார்கள்? முதலிரண்டு கேள்விகளுக்கும் வாடிக்கையாளர் உடனே விடை சொல்லிவிடுவர். மூன்றாவது கேள்விக்குச் சிலர் சினப்பர்; சிலர் சிரிப்பர்; சிலர் சற்று நின்று யோசித்து, கைப்பூட்டின் சாவி எங்கே வைத்தோம் என்று தமக்குள்ளே தேடத் தொடங்குவர்.